தயா மாமா போட்டுவிட்டுப் போன லாகர்

அன்பு மகளுக்கு,

போன சனிக்கிழமை நீ வீடியோவில் கூப்பிட்டபோது உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஹலிஃபாக்ஸில் உங்கள் வீட்டு பேஸ்மென்டில் நீயும் ஒலிவியேயும் சேர்ந்து ஒரு வாளி லாகர் பியர் போட்டிருக்கிறீர்கள் என்றாய். சாமான் எல்லாம் ஒரே பெட்டியில் வந்ததாம், சொன்னபடி கலக்கினால் போதுமாம், உங்கள் இரண்டு பேரின் கலியாணத்தன்று இரவுச் சாப்பாட்டுக்கு அதைத்தான் ஒவ்வொரு மேசையிலும் வைக்கப் போகிறீர்களாம். பிறகு போனைத் திருப்பி அந்த வெள்ளை வாளியைக் காட்டினாய். மூடியில் செருகியிருந்த சின்னக் குழாயில் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. "அப்பா, பாருங்க, மூச்சு விடுது" என்றாய். அப்பா கதிரையை விட்டு எழும்பி அறைக்குள் போய்விட்டார். நீ பயந்துபோய், "அப்பாவுக்குக் கோபமா? பியர் எண்டபடியாலா?" என்று கேட்டாய். நான் தலையிடி என்று சொல்லிச் சமாளித்தேன். அது கோபம் இல்லை, மகள். கோபமாக இருந்திருந்தால் நான் உன்னோடு அப்போதே கதைத்திருப்பேன். இதைப் போனில் சொல்ல எனக்கு ஏலாது. அப்பா அடுத்த அறையில் இருப்பார், என் குரலும் எனக்குச் சொல்வழி கேட்காது. அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி. என் எழுத்து விளங்காத இடத்தில் மட்டும் கூப்பிட்டுக் கேள்.

தயா மாமாவை உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவன் எங்களோடு மொன்றியலில் பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில் இருந்தபோது உனக்கு நாலு வயது. அவன் என் ஒரே தம்பி. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஓடும் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தான். வாய் மூடாத பிள்ளை. டிக்கெட் கிழிக்கும்போதே பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் வைத்துவிடுவான். அவன் கதையைக் கேட்டுச் சிரித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனவர்கள் நிறையப் பேர். ஒரு நாள் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பஸ்ஸை நிற்பாட்டி அவனை மட்டும் இறக்கி முகாமுக்குக் கொண்டு போனார்கள். பல மாதங்களுக்குப் பிறகு விட்டார்கள். திரும்பி வந்தவனுக்குக் கதை இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வான், அவ்வளவுதான். எப்படியோ ஆளைப் பிடித்து, பல நாடு சுற்றி, ஒரு குளிர்காலத்தில் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தான். விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் சிரித்தான். அந்தச் சிரிப்பில் சத்தம் இருக்கவில்லை.

அகதிக் கோரிக்கை விசாரணைக்கு அப்பாதான் வேலைக்கு லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே போக அவரை விடவில்லை, வெளியே வாங்கில் இருந்தார். தயா வந்து, "எல்லாம் சரி அத்தான், நல்லாத்தான் கேட்டாங்க" என்றானாம். கொஞ்சக் காலத்தில் மறுப்பு வந்தது. முகாமில் தனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று கோரிக்கையாளரே சொல்லியிருக்கிறார், ஆகவே திரும்பிப் போனாலும் ஆபத்தில்லை என்று அதில் எழுதியிருந்தது. நானும் அப்பாவும் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தோம். "ஏன்டா அப்பிடிச் சொன்ன?" என்று கேட்டேன். "கேட்டாங்க, சொன்னன்" என்றான். மேல்முறையீடும் சரிவரவில்லை. அதோடு அவனுடைய வேலை அனுமதியும் போய்விட்டது. நான் ஷபானெல் தெருவில் ஒரு தையல் ஃபாக்டரிக்குப் போவேன், அப்பா பாண் பேக்கரிக்குப் போவார், நீ பிள்ளை பார்க்கிற கார்டெரிக்குப் போவாய். அவன் யன்னலுக்குப் பக்கத்தில் இருப்பான். நாங்கள் திரும்பி வரும்போதும் அதே இடத்தில்தான் இருப்பான்.

அந்தச் சமயத்தில்தான் லாகர் வந்தது. அப்பாவோடு பேக்கரியில் கயெத்தான் என்று ஒரு கியூபெக்காரர் வேலை செய்தார். தன் வீட்டிலேயே பியர் போட்டுக் குடிக்கிறவர். டொக்டர் இனித் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். வாளி, மூடி, குழாய், ஒரு பெரிய பேணியில் கறுப்புப் பாணி, ஈஸ்ட் பக்கெட், போத்தலுக்கு மூடி அடிக்கிற கருவி எல்லாவற்றையும் கட்டி அப்பாவிடம் கொடுத்துவிட்டார். அப்பா அதை மெட்ரோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எனக்கு வந்த ஆத்திரம்! "வீடு இரிக்கிற இரிப்பில இது ஒண்டுதான் குறை" என்றேன். "சும்மா தந்தவன், வேண்டாமெண்டு சொல்ல மனம் வரல்ல" என்று சொல்லிவிட்டு அப்பா அதைக் குசினியில் கழுவும் தொட்டிக்குக் கீழே தள்ளிவிட்டார். அவருக்குப் பியரில் பெரிய ஆசையும் இல்லை. நத்தார் பண்டிகைக்கு யாராவது கொடுத்தால் அரைக் கிளாஸ் குடிப்பார்.

கொஞ்ச நாள் கழித்து நான் வேலையால் வந்தபோது தயா குசினி மேசையில் அந்தப் பெட்டியைப் பரப்பி வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த துண்டுப் பிரசுரத்தை வாசித்துக்கொண்டிருந்தான். பாணிப் பேணி சுடுதண்ணீரில் கிடந்தது. "அக்கா, இது லாகர்" என்றான். "மற்றப் பியர் சூட்டில கெதியா ஆகிரும். இது அப்பிடியில்ல. குளிர்ல கன நாள் கிடக்க வேணும். அவசரப்பட்டா நாறிப்போயிருமாம்." அவன் தானாகவே வாய் திறந்து இவ்வளவு நீளமாகக் கதைத்து எத்தனை காலம்! நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, அப்படியே நின்றேன். "போட்டுப் பாப்பமா?" என்று கேட்டான். எதற்கு வேண்டாம் என்று சொல்வது? அவன் அந்த வீட்டில் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் சாமான் அது.

அந்தக் குசினி முழுக்க ஒரு வாசம். சுட்ட பாணும் கொஞ்சம் கைப்பும் சேர்ந்த மாதிரி. பாணியையும் சீனியையும் கொதிதண்ணீரில் கரைத்து, வாளியில் ஊற்றி, குளிர்தண்ணீர் சேர்த்து, சூடு ஆறும்வரை பார்த்திருந்து ஈஸ்ட்டைத் தூவினான். பிறகு வாளியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டுபோய்ப் பின்பக்கத் தகரக் கொட்டிலில் வைத்தான். அந்தக் காலத்து வீடுகளில் குசினிக் கதவைத் திறந்தால் பின்படிக்கட்டோடு ஒட்டி அப்படி ஒரு கொட்டில் இருக்கும். அது இலையுதிர்காலம், அங்கே லாகருக்கு வேண்டிய குளிர் அப்படியே இருந்தது. அடுத்த நாள் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. எனக்கே பயம் வந்தது, இதுவும் சரிவராவிட்டால் இவன் என்ன ஆவான் என்று. பிறகு ஒரு காலை நீதான் கொட்டிலுக்குள் இருந்து கத்தினாய், "புல்! புல்!" என்று. பிரெஞ்சில் குமிழிக்கு அப்படித்தானே சொல்வது. தயா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, "புல் எண்டா நம்மட ஊர்ல மாடு திங்கிற சாமான் புள்ள" என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தான். சத்தத்தோடு சிரித்தான், மகள். அப்பா சவரம் செய்துகொண்டிருந்தவர், அரை முகத்தில் நுரையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

அதிலிருந்து வீடு கொஞ்சம் வீடாக இருந்தது. அவன் எங்கள் தெருவில் உள்ள டெபனர் கடைக்குப் போய், அந்தக் கிரேக்கக் கிழவரோடு கையால் காலால் கதைத்து, வெறும் பியர் போத்தல்கள் வாங்கிக்கொண்டு வருவான். குளியல் தொட்டி முழுக்கப் போத்தல் ஊறும். "இந்த வீட்டில மனிசன் குளிக்கிறதில்லையா?" என்று அப்பா கத்துவார், ஆனால் அதில் கோபம் இருக்காது. உன்னைக் கார்டெரியில் இருந்து கூட்டிவரும் வேலையையும் தயாவே எடுத்துக்கொண்டான். வரும் வழியெல்லாம் நீ அவனுக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுப்பாய். அவன் வேண்டுமென்றே பிழையாகச் சொல்வான்.

போத்தலில் அடைக்க வேண்டிய நேரம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். அப்பா உன்னைப் பூங்காவுக்குக் கூட்டிப் போயிருந்தார். நானும் தயாவும் தொட்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து போத்தல் கழுவினோம். அவன் எந்தக் காலத்திலும் முழுக்கைச் சட்டைதான் போடுவான், கோடையிலும் அப்படித்தான். கை முழுக்க நனைந்து தண்ணீர் ஒழுகியது. "சட்டையை மடிச்சு விடுடா" என்றேன். கேட்கவில்லை. நான் விளையாட்டாக அவன் கையைப் பிடித்து மடித்தேன். அவன் தடுக்கவில்லை. நான் பார்த்ததை உனக்கு எழுதப் போவதில்லை. ஒரு மனிதக் கையில் அப்படிச் செய்ய இன்னொரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் கையை இழுத்துக்கொண்டு போத்தலைக் கழுவத் தொடங்கினான்.

"இதை அங்க காட்டினியா? விசாரணையில?"

"இல்ல."

"ஏன்டா?"

அவன் இன்னொரு போத்தலை எடுத்துக் கழுவினான். பிறகு, தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "மொழிபெயர்க்க வந்தது ஒரு அம்மா. உங்கட வயசு அக்கா. பொட்டு வெச்சு, உங்களைப் போலவே கொண்டை போட்டு வந்தா. என்ன செய்தாங்க எண்டு கேட்டாங்க. அவதான் அதைத் தமிழ்ல எனக்குச் சொன்னா. நான் சொன்னா அவதானே அதைத் திருப்பிச் சொல்ல வேணும். அவட வாயால எப்பிடி அதை... ஏலா அக்கா. ஒண்டும் நடக்கல்ல எண்டு சொல்லிட்டன்." நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் நிற்பாட்டிவிடுவான் என்று பயம். ஆனால் அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை. நாங்கள் மிச்சப் போத்தல்களைக் கழுவி முடித்தோம்.

அடுத்த நாளே நான் வேலைக்குப் போகாமல் சட்டத்தரணியிடம் போனேன். அவர் ஒரு நல்ல பெண். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்றார். டொக்டர் சான்றிதழ் எடுத்தோம், மனிதாபிமான அடிப்படையில் புதிதாக ஒரு விண்ணப்பம் போட்டோம். ஆனால் அந்த விண்ணப்பம் இருப்பதற்காக வெளியேற்றம் நிற்காதாம். பதில் எப்போது வரும் என்று அவருக்கும் தெரியவில்லை. நான் கேட்கிறேன், ஒரு மனிசன் வெட்கத்தால் வாய் திறக்காமல் இருந்தால் அதை யாரிடம் போய் முறையிடுவது? யார் மேல் பிழை? அந்த மொழிபெயர்ப்பாளர் மேல் பிழையில்லை. கேள்வி கேட்டவர்கள் கேட்க வேண்டியதைத்தான் கேட்டார்கள். என் தம்பியிலும் பிழையில்லை. ஒருவரிலும் பிழை இல்லாமலே ஒரு உயிர் கை நழுவிப் போகும் என்பதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். நீ ஆசுபத்திரியில் வேலை செய்கிறாய். ஒருவர் "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொன்னால், யார் பக்கத்தில் நிற்கும்போது அப்படிச் சொல்கிறார் என்று ஒருமுறை திரும்பிப் பார். எனக்கு உன்னிடம் சொல்ல இருக்கிற புத்திமதி இதுதான்.

போத்தல்களுக்கு மூடி அடித்து, வாயு ஏறுவதற்காகக் கொஞ்ச நாள் சூட்டில் வைத்து, பிறகு கொட்டிலில் அடுக்கினான். இனிக் கைவைக்கக் கூடாது, குளிரில் கிடக்க வேண்டும், மாசி மாதத்தில்தான் திறக்கலாம் என்றான். பயணத் தேதி போட்ட கடிதம் மார்கழியில் வந்தது. தைப் பொங்கலுக்கு முன்னமே போக வேண்டும். அப்பா கடிதத்தை வாசித்துவிட்டுச் சட்டையை மாட்டினார். ரொறொன்ரோவில் தனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறான், இன்றைக்கே பஸ் ஏற்றிவிடுகிறேன், அங்கே எங்களுடைய சனத்துக்குள் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்றார். தயா கதிரையை விட்டு அசையவில்லை.

"வேண்டாம் அத்தான். உங்கட பேப்பர் இன்னும் முடியல்ல. என்னைத் தேடி இங்கதான் வருவாங்க."

"வந்தா வரட்டும். நான் கதைக்கிறன்."

"நான் ஊர்ல ஒளிச்சு இரிந்து பழகினவன்தான். கிணத்துக்குள்ள இரிந்திரிக்கன், கோயில் மடத்தில இரிந்திரிக்கன். இனி ஏலா அத்தான். கதவு தட்டுற சத்தம் கேட்டா ஒவ்வொரு தரமும் சாகிறதெண்டா அதுக்கு அங்கேயே போகலாம்."

அப்பா கட்டிலில் அமர்ந்து சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அவர் அழுது நான் அதற்கு முன் கண்டதில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொல்லிப் பார்த்துவிட்டார், அதுவும் இல்லை என்றாகிவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சோறு போட்டேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

போவதற்கு முதல் நாள் அப்பா ஒரு போத்தலை எடுத்து வந்தார். "நீ போட்டது, நீ ருசி பாக்காமப் போகக் கூடாது மச்சான்" என்றார். தயா வேண்டாம் என்றான், இன்னும் ஆகவில்லை என்றான், பிறகு விட்டுக்கொடுத்தான். மூடியைத் திறந்தபோது சத்தமே வரவில்லை. நுரை இல்லை. கலங்கலாக, இனிப்பாக, ஈஸ்ட் மணத்தோடு இருந்தது. மூன்று பேரும் ஒவ்வொரு மிடறு குடித்தோம். நான் வாழ்க்கையில் குடித்த முதல் பியர் அதுதான். என் முகம் போன போக்கைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தார்கள். "அக்கா, இதை வெச்சு என்னை எடை போட்டிராதீங்க. மாசி வரட்டும், அப்ப குடிச்சிட்டுச் சொல்லுங்க" என்றான். கடுங்குளிர் வந்தால் போர்வையால் மூடச் சொன்னான். வீட்டுக்குள் மட்டும் எடுக்க வேண்டாம் என்றான், சூட்டில் பழுதாகிவிடுமாம்.

மிராபெல் விமான நிலையத்துக்கு எல்லோரும் போனோம். இரண்டு அதிகாரிகள் நின்றார்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், ஒருவர் அவனுடைய பையைக்கூடத் தூக்கினார். நீ அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எப்ப வருவீங்க?" என்று கேட்டாய். நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. "பியர் ஆகினதும் சொல்லு புள்ள, வாறன்" என்றான். நீ சரியென்று தலையாட்டி இறங்கிவிட்டாய். உனக்கு அது போதுமான பதிலாக இருந்தது. அவன் உள்ளே போகும்போது ஒரு தரம் திரும்பிக் கைகாட்டினான். அதற்குப் பிறகு கண்ணாடிக் கதவில் எங்களுடைய முகம்தான் தெரிந்தது.

நீ தினமும் காலையில் கேட்பாய், ஆகிட்டுதா என்று. அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிலைக் காட்டுவார். வேலையால் வந்ததும் முதலில் அங்கேதான் போவார். கொழும்பிலிருந்து தயாவின் போன் ஒன்று வந்திருந்தது: விமான நிலையத்தில் விசாரித்தார்கள், விட்டுவிட்டார்கள், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருக்கிறேன், பயப்பட வேண்டாம். அதற்கு மேல் அவனுக்காக எங்களால் செய்ய ஏதும் இருக்கவில்லை. அந்தப் போத்தல்கள் மட்டும்தான் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தன. அப்பா எங்களுடைய கம்பளிகளைக் கொண்டுபோய் அவற்றைச் சுற்றினார். கொஞ்சம் சூடு போகட்டும் என்று குசினிக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தார். பொங்கல் முடிந்து சில நாளில் அந்தக் குளிர் வந்தது. காற்றோடு சேர்த்துச் சைபருக்குக் கீழே நாற்பது என்று வானொலியில் சொன்னார்கள். நான் போத்தல்களை உள்ளே எடுப்போம் என்றேன். அப்பா யோசித்தார். "அவன் எடுக்க வேண்டாமெண்டுதானே சொன்ன" என்றார். இன்னொரு போர்வை கொண்டுபோய்ப் போட்டார்.

காலையில் கொட்டில் கதவைத் திறந்தால் எல்லாம் வெடித்துக் கிடந்தது. பியர் உறைந்து, போத்தல்களைப் பிளந்துகொண்டு, மண்ணிறப் பனிக்கட்டியாக நின்றது. சிலதில் கண்ணாடி முழுக்கக் கழன்று, போத்தல் வடிவத்தில் ஐஸ் மட்டும் நின்றது. ஒன்றுகூடத் தப்பவில்லை. அப்பா கையுறை போடாமல் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். "விடுங்க, நான் கூட்டிறன்" என்று சொன்னேன், காதில் விழவில்லை. விரல் வெட்டுப்பட்டு இரத்தம் வந்தது, அதுவும் அந்தக் குளிரில் உடனே நின்றுவிட்டது. நீ இரவுச் சட்டையோடு குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். "அப்ப மாமா வரமாட்டாரா?" என்று கேட்டாய். அப்பா உன்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து அடுத்த துண்டைப் பொறுக்கினார். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். நீ அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. நாலு வயதுப் பிள்ளை கேள்வியை நிற்பாட்டினால் வீடு எவ்வளவு அமைதியாகப் போய்விடுகிறது!

பங்குனியில் தயா மறுபடி போன் எடுத்தான். கொழும்பில் ஒரு தொலைபேசிக் கடையில் இருந்து, லைன் இரைச்சலோடு. இரண்டு தரம் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டுபோய்ப் பிறகு விட்டார்களாம். குரல் மெலிந்திருந்தது. மட்டக்களப்புக்கு பஸ் ஓடுகிறதாம், ஊருக்குப் போகப் போகிறேன் என்றான். நான், கொஞ்சம் பொறுடா, விண்ணப்பத்துக்குப் பதில் வரட்டும் என்று கெஞ்சினேன். "இங்க ரூமுக்குள்ள இரிக்க ஏலா அக்கா" என்றான். பிறகு அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னான். அவன் என்ன கேட்டான் என்பது அப்பா சொன்ன பதிலில் இருந்துதான் எனக்குத் தெரிந்தது. "ஓம் மச்சான், திறந்த நாங்க. நல்லா வந்திரிக்கு. கயெத்தானுக்கும் டொக்டருக்குத் தெரியாம ஒரு மிடறு குடுத்தன், கடைப் பியர் தோத்துப்போயிரும் எண்டு சொன்ன. நுரை அப்பிடியே நிக்குது" என்றார். தயா ஏதோ சொல்லிச் சிரித்தது எனக்கு வெளியே கேட்டது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். கடைக்காரர் நேரம் முடிந்தது என்று சொல்லியிருக்க வேண்டும், லைன் அறுந்தது.

அவன் அந்தக் கிழமையே பஸ் ஏறினான். லொட்ஜில் கூட இருந்த ஒருவர் ஏற்றிவிட்டதாகச் சொன்னார். மட்டக்களப்பில் அவன் வந்து இறங்கவில்லை. நடுவில் எங்கே என்று இன்றுவரைக்கும் தெரியாது. நான் எழுதாத இடம் இல்லை. செஞ்சிலுவைக்கு எழுதினேன், எம்.பி.மாருக்கு எழுதினேன், காணாமல் போனவர்களைத் தேட ஒவ்வொரு ஆணைக்குழு வரும்போதும் அவனுடைய படத்தை அனுப்பினேன். சிலர் பதில் போட்டார்கள். விபரம் கிடைத்ததும் அறியத் தருவோம் என்றார்கள். அவனுடைய மனிதாபிமான விண்ணப்பத்துக்கும் பதில் வந்தது, அடுத்த வருடம், நேர்முகத்துக்கு வரும்படி அழைத்து. அப்பா அதை வாசித்துவிட்டு என்னிடம் தந்தார். நான் மடித்து அலுமாரிக்குள் வைத்தேன்.

அப்பா சொன்ன பொய் அவரைத் தின்றுகொண்டிருக்கிறது என்று நான் கன காலம் நினைத்தேன். ஒரு நாள் கேட்டும் பார்த்தேன். "இல்ல, அந்தப் பொய்யை நினைச்சா எனக்கு ஆறுதல்தான். அது ஒண்டுதான் அவனுக்கு நான் செய்து குடுத்த" என்றார். அப்படியென்றால் நீ வாளியைக் காட்டியபோது ஏன் எழும்பிப் போனார் என்று நீ கேட்பாய். எனக்கும் முழுதாகத் தெரியாது, மகள். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தாலும் ஒருவருடைய துக்கத்தின் உள்ளே போய்ப் பார்க்க முடிவதில்லை. நான் அறைக்குள் போனபோது கட்டிலில் அமர்ந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி வேணுமா என்றேன், வேணும் என்றார். நீயும் ஒலிவியேயும் காலமெல்லாம் ஒரு வீட்டில் வாழப் போகிறீர்கள். அவர் ஒரு நாள் இப்படி எழும்பிப் போனால் பின்னால் ஓடிப்போய் என்ன என்ன என்று கேட்டு உலுக்காதே. எனக்கு அதற்கு மேல் ஒரு வழியும் தெரியாது. தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இரு.

உங்கள் பியரைக் கலியாணத்துக்குத் தாராளமாக வையுங்கள். அப்பா குடிப்பாரோ மாட்டாரோ, அதை நீ பார்த்துக்கொண்டிராதே. நான் ஒரு மிடறு குடிப்பேன்.

இன்னொரு விசயம் இருக்கிறது. அதை உன்னிடம் கேட்கத்தான் உண்மையில் இவ்வளவும் எழுதினேனோ என்று இப்போது தோன்றுகிறது. நேற்று உன் கலியாண அட்டைக்காக அச்சகத்துக்குப் போனேன். பிரெஞ்சுப் பக்கம் முடிந்துவிட்டது, ஒலிவியேயின் அம்மா எழுதித் தந்ததுதான். தமிழ்ப் பக்கத்தில் பெற்றோரின் பெயருக்குக் கீழே தாய்மாமன் பெயரும் வர வேண்டும் என்று சொன்னேன். அச்சகத்துத் தம்பி எழுதிக்கொண்டே, "தயாளன்... அமரர் எண்டு போடுறதா அன்ரி, இல்ல சும்மா போடுறதா?" என்று கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார், எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். அமரர் என்று போட்டால் என் கையாலேயே அவனைச் சாகடித்தது போல் இருக்கிறது. போடாமல் விட்டால், எங்கே உங்கள் தம்பி, வந்திருக்கிறாரா என்று மண்டபத்தில் ஒவ்வொருவராக வந்து கேட்பார்கள். நாங்கள் ஒரு திவசமும் செய்ததில்லை. விளக்கும் ஏற்றியதில்லை. எந்த நாளில் ஏற்றுவது? வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். "நீயே பார்" என்றார். என்னால் பார்க்க முடியவில்லை, மகள். அந்த ஒரு சொல்லைப் போடவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. நீ சொல். நீ எதைச் சொன்னாலும் நான் அப்படியே போய்ச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த இடத்தை வெறுமையாக விட்டு வைப்பதாக அச்சகத்துத் தம்பி சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா